அக்காவிடம் சொல்லாமல் விட்டது

அத்தைக்கு மார்பில் புற்றுநோய் என்று முடிவு வந்த வாரத்தில் நான் பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு அறிவியல் ஆசிரியை வேலை. நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் கலந்தால் அடுத்த தலைமுறையில் எத்தனை நெட்டை, எத்தனை குட்டை என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவேன். பொதுத்தேர்வில் தவறாமல் வரும் கேள்வி அது. அதற்கு மேல் அந்தக் கட்டத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சு கொடுக்க ஒன்றரை மாதம் தினமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார்கள். பெருந்துறையிலிருந்து தினம் வந்துபோக முடியாது. நான் சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்ததால் என்னோடு வந்து தங்கினார். காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், திரும்ப வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். அந்த ஒன்றரை மாதத்துக்கு முதல் இரண்டு வகுப்புகளைத் தலைமையாசிரியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

மருத்துவர் ஐம்பதை நெருங்கிய பெண்மணி. அதிகம் பேச மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி காத்திருப்பார். முதல் நாளே கேட்டார்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இந்த நோய் வந்திருக்குங்களா?"

"இல்லீங்க டாக்டர். எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் இல்லீங்க" என்றார் அத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

மூன்றாவது வாரம், சிகிச்சை முடிந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்தைக்குத் தோல் வெந்து கறுத்திருந்தது. சேலை உரசினால் எரியும் என்று முந்தானையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, உங்க பெரியத்தை செத்தது காமாலைல இல்லை."

பெரியத்தை என்றால் அப்பாவுக்கும் இந்த அத்தைக்கும் மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனவர். மஞ்சள் காமாலை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பின்னே என்னுங்க அத்தை?"

"இதேதான். மார்ல புண்ணாகிப் போச்சு. ஊட்டுக்குப் பின்னால இருந்த ரூம்புல தனியாக் கட்டல் போட்டு வெச்சிருந்தாங்க. நாந்தான் சோறு கொண்டுபோயிக் குடுப்பேன். எனக்கு அப்பப் பன்னண்டு பதிமூணு வயசிருக்கும். ஆரு கேட்டாலும் காமாலைன்னு சொல்லோணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க."

"டாக்டர் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே?"

"இத்தனை வருசமாக் காமாலைன்னே சொல்லிப் பழகிப்போச்சு. அந்தம்மா கேட்டதும் இல்லீங்கன்னுதான் வாயில வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனதே அண்ணன்தான் என்றார்.

மறுநாள் மதியம் பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு தனியாகப் போய் மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வட்டங்களும் சதுரங்களும் வரைந்தார். பெண்கள் வட்டம், ஆண்கள் சதுரம். பெரியத்தையையும் அத்தையையும் பேனாவால் நிரப்பிக் கறுப்பாக்கினார். நடுவில் இருந்த ஒரு வெற்றுச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது உங்கப்பா. இவருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா இவர்கிட்டயும் அது இருக்கலாம்."

"ஆம்பளைங்களுக்கு எப்படிங்க டாக்டர்?"

"அபூர்வமா ஆம்பளைங்களுக்கே வர்றதும் உண்டு. வராட்டியும் அவங்க பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனோ மகளோ, ரெண்டும் ஒண்ணுதான்."

அது நான் வருடா வருடம் கரும்பலகையில் போடும் கட்டம். இத்தனை நாள் அதை நடத்தியவளுக்கு இன்னொருவர் வரைந்துகாட்ட வேண்டியிருந்தது. பெண்களுக்கு வரும் நோய் பெண்கள் வழியாகத்தான் வரும், அப்பா வீட்டுப் பக்கம் நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நானும் எல்லோரையும்போல நினைத்திருந்தேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எல்லோருடைய உடம்பிலும் அந்த ஜீன் இருக்கிறது. செல்லுக்குள் ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்வது அதன் வேலை. சில குடும்பங்களில் அது சிறிய மாற்றத்தோடு தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அதை வாங்கிப் பிறந்தவர்களுக்கு அந்தப் பழுது பார்க்கும் வேலை சரியாக நடக்காது. அதனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம், நோய் வந்தே தீரும் என்று மட்டும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் சமீபத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், இங்கே சோதித்துப் பார்க்க வழியில்லை என்றார்.

"அதனால உங்க குடும்பத்துல அதுதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கு, இவ்வளவு சின்ன வயசுல வந்திருந்தா, நான் அப்படித்தான் சந்தேகப்படுவேன். உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரே அக்காங்க. முப்பத்தஞ்சு வயசு."

"கூட்டிட்டு வாங்க. வருசத்துக்கு ஒரு தடவை நான் பாக்கறேன். மாசா மாசம் அவங்களே எப்படித் தடவிப் பாக்கறதுன்னு கத்துக்கொடுக்கறேன். சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம்."

அன்றைக்கே என்னையும் பரிசோதித்தார். எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா அந்தியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தோட்டம், மாடுகள், மாமியார், கணவர், இரண்டு பெண் குழந்தைகள். அம்மா இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அதன் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள், வயதுக்கு வந்தபோது கூட இருந்தவள் எல்லாம் அவள்தான். நான் கல்லூரியில் சேர வேண்டும் என்பதற்காக, கல்யாணமாகிப் போனவள் கைக்குழந்தையோடு அன்னூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவோடு மூன்று நாள் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள். அவளிடம் சொல்ல அந்தச் சனிக்கிழமை அந்தியூர் போவதென்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். தங்கையைப் பார்க்க வாரம் ஒருமுறை அன்னூரிலிருந்து தோட்டத்துக் காய்களோடு வருவார். அத்தை உள்ளே படுத்திருந்தார். நான் மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டி மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அப்பா அந்தச் சதுரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஆருகிட்டயெல்லாம் சொன்னே?"

"டாக்டர்கிட்ட மட்டுந்தானுங்கப்பா. நாளைக்கு அக்காகிட்டப் போயிச் சொல்லிப்போட்டு வாரேனுங்க."

"சொல்லாதே அம்மணி."

"ஏனுங்கப்பா?"

"அவகிட்டச் சொன்னா அவளோட நிக்காது. மாமியாக்காரிக்குத் தெரியும். அப்புறம் ஊருக்கே தெரியும். அவ ரெண்டு பொட்டப்புள்ளைய வெச்சிருக்கறா. அந்தப் பரம்பரையிலயே இந்த நோவு இருக்குதுன்னு பேச்சு வந்துபோட்டா நாளைக்கு ஆரு பொண்ணு கேட்டு வருவாங்க? உனக்கும் இப்பத்தான் ஒரு எடம் கூடி வந்திருக்குது. அதையும் நெனச்சுப் பாரு."

பல வருடங்கள் நான் இதை அப்பா தடுத்துவிட்ட கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எனக்கு முப்பது வயதாகியிருந்தது. ஜாதகம் சரியில்லை, நிறம் போதாது, வேலையை விடச் சொன்னால் விடுவாளா என்று வந்து பார்த்துப் போனவர்கள் நிறையப் பேர். கடைசியாகத் திருப்பூரில் பொறியாளராக இருந்த ஒருவர் என்னை இரண்டு முறை சந்தித்து, வேலைக்குப் போவது என் விருப்பம் என்று சொல்லியிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உங்கள் பக்கம் நோய் நொடி ஏதாவது உண்டா என்று அவர் வீட்டில் வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்க, அப்பா இல்லை என்று சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் அப்பாவைவிட அதிகமாக விரும்பினேன்.

சனிக்கிழமை நான் அந்தியூர் போகவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து முகூர்த்தச் சேலை எடுக்க அக்கா கோயம்புத்தூர் வந்தாள். வாங்கிய சேலைகளை என் கட்டிலில் விரித்துப்போட்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, முப்பத்தஞ்சு தாண்டினா பொம்பளைங்க மாசத்துக்கு ஒருக்கா மாரைத் தடவிப் பாத்துக்கோணுமாம். கட்டி கிட்டி இருக்குதான்னு."

"ஆரு சொன்னா?"

"ஒரு பத்திரிகைல போட்டிருந்தாங்க."

அவள் சிரித்தாள். "உனக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறது பத்தாதாக்கும். விடியறப்ப மாட்டுக்கிட்டப் போனா ராத்திரி படுக்கறவரைக்கும் எனக்குத் தலை வாரவே நேரமில்லை. இதுல தடவிப் பாத்துக்கிட்டு உக்கோந்திருக்கறதா?"

நானும் சிரித்தேன். ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். மடித்து வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"அத்தைக்கு எதனால வந்துச்சுன்னு அந்த டாக்டரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தெரியலைன்னுட்டாங்க அக்கா" என்றேன்.

அவள் கேட்கவே கேட்டாள். இன்றைக்கும் நினைவில் முதலில் வருவது அதுதான். நான் சொல்லப் பயந்தேன் என்பதை என்னால் ஒருவாறு மன்னித்துக்கொள்ள முடிகிறது. கேட்டவளுக்குப் பொய் சொன்னதை முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டில் கொஞ்சம் பழகட்டும் என்று சில மாதம் போனது. பிறகு நான் கர்ப்பமானேன். பிரசவம், குழந்தை. சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் எப்போதும் ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அந்த மருத்துவரிடம் போய் என்னைக் காட்டிக்கொள்வதை மட்டும் நான் தவறவிடவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"உங்க அக்கா வரலையா?"

"அவங்க ஈரோட்டுலயே பாத்துக்கறாங்க டாக்டர்."

அவர் அதைக் குறித்துக்கொள்வார்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம், ஒரு நாள் பள்ளித் தொலைபேசிக்கு அக்காவின் கணவர் அழைத்தார். அக்காவுக்கு இடது மார்பில் கட்டி, பெரிதாகிக்கொண்டே போகிறது, கோயம்புத்தூரில் யாரிடம் காட்டலாம் என்று கேட்டார். மறுநாள் இருவரும் வந்தார்கள். கட்டியைப் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டதாம். கன்றுக்குட்டி முட்டிய இடம் வீங்கியிருக்கிறது என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறாள். வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

நான் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அதையும் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த மருத்துவரைவிட நல்லவர் எனக்கு யாரையும் தெரியாது.

பரிசோதித்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அக்காவிடம் கேட்டார்.

"வருசா வருசம் ஈரோட்டுல பாத்திருக்கீங்களே. அங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "நானுங்களா? பிரசவத்துக்கு அப்புறம் நான் ஒரு ஆஸ்பத்திரிக்கும் போனதில்லீங்களே."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மேசையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்து, எடுக்க வேண்டிய பரிசோதனைகளை எழுத ஆரம்பித்தார்.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காவின் கணவர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கப் போயிருந்தார். பெரியத்தை, பஸ்ஸில் அத்தை சொன்னது, மருத்துவர் வரைந்த படம், எல்லாவற்றையும் அப்போதுதான் அக்காவிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு போனபோது காலை மடக்கி வழிவிட்டாள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன பயம்?"

"கல்யாணம் நின்னுபோகும்னு பயந்துட்டேன்க்கா."

"நின்னா நின்னுட்டுப் போகுது. நான் வேற எடம் பாத்திருப்பேன்."

மடக்கிய காலை நீட்டியபடி, "நீ காட்டிக்கிட்டியா?" என்றாள்.

"ம்."

"வருசா வருசம்?"

"ம்."

"சரி. நீயாச்சும் பாத்துக்கிட்டியே" என்றாள்.

அதைக் கோபத்தில் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முகம் எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தது. அதன்பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த இரண்டு முறையும் வேறு பேச்சுக்கு மாறிவிட்டாள்.

ஆனால் நானும் அப்பாவும் எதற்குப் பயந்தோமோ அதை அவள் அந்த வாரமே செய்தாள். அந்தியூர் வீட்டில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும்போது, மாமியாரிடம் நேராகச் சொன்னாள். இது எங்கள் குடும்பத்தில் வருவது, அத்தைகள் இரண்டு பேருக்கு இருந்தது, என் பெண்களுக்கும் வர வாய்ப்பு இருக்கிறது, அவர்கள் பெரியவர்களானதும் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். அவள் கேட்டதால் நானும் கூடப் போயிருந்தேன். அவளுடைய மாமியார் கறாரான மனுஷி. குரலைக் கேட்டாலே எனக்குப் பயம். அக்காவை ஏதாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனம்மணி, உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கையைப் புடிச்சு வருசா வருசம் கூட்டிட்டுப் போயிருப்பனே. எங்களையெல்லாம் என்னன்னு நெனச்சுப்போட்டீங்க?"

எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நான் இப்போதும் நம்பவில்லை. ஆனால் அந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுப் பார்க்காமலே நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அக்கா ஒன்றரை வருடம் இருந்தாள். மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. பிறகு நோய் எலும்புக்குப் பரவியது. கடைசி மாதங்களில் அப்பா தினமும் வந்து வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்தால் அவளைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்ப்பார். ஒரு நாள் என்னை அருகில் கூப்பிட்டார்.

"நாந்தான் குடுத்தனா அம்மணி?"

"ஆரும் தெரிஞ்சு குடுக்கறதில்லீங்கப்பா. உங்களுக்கும் எங்கிருந்தோ வந்ததுதானுங்க."

"அது செரி. சொல்லாதேன்னு சொன்னது நாந்தானே."

நீங்கள் மட்டும் இல்லை அப்பா, எனக்கும் சொல்ல விருப்பமில்லை, என் கல்யாணத்துக்காகத்தான் நானும் வாயை மூடினேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாக்கியம். சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். என்னுடைய பாதியையும் சேர்த்து அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா போய் நான்கு வருடத்தில் அவரும் போனார். அந்த மூன்று வாக்கியத்தை அவர் கேட்கவே இல்லை.

அத்தை அவர்கள் இருவருக்கும் பிறகும் இருந்தார். எப்போது பார்த்தாலும் என் கையைத் தடவி, அந்தப் பஸ்ஸில் சொல்லாமலே இருந்திருக்கலாம் கண்ணு என்பார். அது தவறு, நீங்கள் ஒருவர்தான் சரியானதைச் செய்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

வெகு காலம் கழித்து, அந்த ஜீனைச் சோதிக்கும் வசதி எங்கள் ஊர்ப்பக்கமும் வந்தது. அக்காவின் பெரிய மகள் தானாகவே போய் ரத்தம் கொடுத்தாள். அவளிடம் அந்த மாற்றம் இருந்தது. அது இன்னதென்று தெரிந்துவிட்டதால் என் ஜீனிலும் அதே இடத்தைப் பார்த்தார்கள். என்னிடம் இல்லை. வருடா வருடம் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட உடம்பில் அப்பா அதை வைக்கவே இல்லை.

முடிவு வாங்கிய நாளில் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் அவளும் நானும் காபி குடித்தோம். அவளுக்கு நிறையத் தெரிந்திருந்தது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வயதில் என்ன முடிவு எடுக்கலாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சின்னம்மா, உங்களுக்கு இது மொதல்ல எப்பத் தெரியும்?"

"உனக்குப் பதிமூணு வயசு இருக்கறப்ப."

"அம்மாவுக்கு?"

"உனக்குப் பதினாறு."

அவள் டம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆகட்டுங்க. நானே அவகிட்டச் சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டாங்க சின்னம்மா" என்றாள்.

சரி கண்ணு என்றேன்.